மறைந்த படிகத்தின் சுவடு



இந்த உரையை ஏற்பாடு செய்த அறக்கட்டளைக்குப் பெயர் தந்த ஆசிரியரிடம் நான் படித்ததில்லை. அவரிடம் வார்ப்புக் கற்றவர்கள் எனக்கு ஆசிரியர்களாக வாய்த்தார்கள். அவர்கள் வழியாக ஒரு செய்தி என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. உருக்கை, அதாவது உருகிய உலோகத்தை, அச்சில் ஊற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று கரண்டியைக் கீழே வைக்கும் மாணவனை அவர் விடமாட்டாராம். அச்சின் அருகிலேயே நிற்க வைத்து, உள்ளே இப்போது என்ன நடக்கிறது என்று சொல்லச் சொல்வாராம். அதே கேள்விக்கு ஒரே ஒரு கலப்புலோகத்தை வைத்து விடை சொல்ல முயல்வதுதான் இன்றைய உரை. அந்தக் கலப்புலோகம் டைட்டானியம் அலுமினைடு.

டைட்டானியமும் அலுமினியமும் ஏறத்தாழ அணுவுக்கு அணு என்ற கணக்கில் சேர்ந்தது இது. எடையில் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குதான் அலுமினியம். கன சென்டிமீட்டருக்கு நான்கு கிராம் அளவே எடை. ஜெட் எஞ்சினின் சூடான பகுதிகளில் பல பத்தாண்டுகளாக இருந்துவரும் நிக்கல் கலப்புலோகங்கள் இதைப்போல இரு மடங்கு கனமானவை. டர்பைன் பிளேடு சுழலும்போது அதன் எடையே அதை வேரோடு பிடுங்கப் பார்க்கும். பிளேடு இலேசானால் அதைப் பிடித்திருக்கும் வட்டும் இலேசாகும். வட்டைத் தாங்கும் தண்டும் இலேசாகும். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் தன் ஜிஇஎன்எக்ஸ் எஞ்சினில், குறைந்த அழுத்த டர்பைனின் கடைசி இரண்டு வரிசைகளை இந்த உலோகத்தில் வார்த்தது இதற்காகத்தான். ஏர் இந்தியாவின் 787 விமானத்தில் பறந்தவர்கள் இங்கே சிலர் இருப்பீர்கள். சன்னலுக்கு வெளியே இறக்கையின் கீழ் சுழன்றுகொண்டிருந்தவற்றில் இதுவும் ஒன்று.

இதன் குறையையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அறை வெப்பநிலையில் இழுத்தால் ஒன்று அல்லது இரண்டு விழுக்காடு நீள்வதற்குள் முறிந்துவிடும். அந்த ஒன்று எப்படி இரண்டாகிறது, இரண்டு எப்படிச் சுழியத்துக்கு இறங்குகிறது என்பதுதான் முப்பது நாற்பது ஆண்டு ஆராய்ச்சியின் பெரும்பகுதி. அந்த வேறுபாடு, உருக்கு உறையத் தொடங்கும் முதல் சில நொடிகளில் எந்தப் படிகம் முதலில் பிறந்தது என்பதைப் பெரிதும் பொறுத்தது. அந்தப் படிகமோ, நாம் பொருளைக் கையில் எடுக்கும்போது பெரும்பாலும் இல்லாமலே போயிருக்கும். இதைத்தான் இன்று விளக்க வேண்டும்.

முதலில், கடைசியில் கிடைக்கும் பொருளைப் பாருங்கள். மெருகேற்றி அமிலத்தில் அரித்து நுண்ணோக்கியில் வைத்தால் ஏடுகள் தெரியும். காமா என்னும் படிகமும் ஆல்ஃபா-இரண்டு என்னும் படிகமும் மாறி மாறி, ஒன்றன்மேல் ஒன்றாக, நேர்க்கோடுகளாக அடுக்கியிருக்கும். ஓர் ஏட்டின் தடிமன் மைக்ரோமீட்டரிலோ அதிலும் மிகச் சிறிய அளவிலோ இருக்கும். ஒரே திசையில் அடுக்கிய ஏடுகள் சேர்ந்து ஒரு கட்டு. பக்கத்துக் கட்டில் ஏடுகள் வேறு திசையில் கிடக்கும். ஓலைச்சுவடிக் கட்டுகளை ஒரு கூடையில் கொட்டிவைத்தது போல. நான் இதை ஏட்டுக்கட்டு என்றே சொல்லிப் பழகிவிட்டேன். இனியும் அப்படியே சொல்கிறேன்.

சுவடிக் கட்டை நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள், தாங்கும். ஏட்டை ஏட்டிலிருந்து பிரிக்கும் திசையில் இழுத்தால் கட்டு கலைந்துவிடும். உலோகத்திலும் இதுவே நடக்கிறது. இதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியவர்கள் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் யாமகுச்சி, இனுய் ஆகியோரின் குழுவினர். 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர்கள் ஒரு முழுத் துண்டும் ஒரே ஏட்டுக்கட்டாக இருக்கும்படி படிகங்களை வளர்த்தார்கள். பிறகு ஏடுகளுக்கு வெவ்வேறு கோணங்களில் துண்டுகளை வெட்டிச் சோதித்தார்கள். விசை ஏடுகளின் போக்கிலேயே இருந்தால் வலிமையும் உண்டு, ஓரளவு நீட்சியும் உண்டு. ஏடுகளுக்குக் குறுக்கே, செங்குத்தாக இழுத்தால் வலிமை மிகுதி, ஆனால் நீட்சி கிட்டத்தட்ட இல்லை, படாரென்று பிளந்துவிடும். சாய்வாக, 45 பாகையை ஒட்டி இழுத்தால் ஏடுகளுக்கு இணையாகவே வழுக்கி மெத்தென்று வளைந்துகொடுக்கும். ஒரே உலோகம், ஒரே வேதி இயைபு. கோணம் மாறினால் மூன்று வேறு பொருள்களைப் போல நடந்துகொள்கிறது.

அப்படியானால் ஏடுகள் எந்தத் திசையில் படுக்கின்றன என்பதே முதற்கேள்வி ஆகிறது. அதை யார் முடிவு செய்கிறார்கள்?

இங்கே ஒரு பரம்பரைக் கதை இருக்கிறது. அலுமினியம் சற்றுக் குறைந்த கலவையை எடுத்துக்கொள்வோம். 1500 பாகை செல்சியஸுக்கு மேலே உருக்கிலிருந்து முதலில் பிறப்பது பீட்டா. கனசதுரத்தின் மூலைகளிலும் நடுவிலும் அணு அமர்ந்த படிகம் அது. சூடு இறங்க, பீட்டா திடநிலையிலேயே ஆல்ஃபாவாக உருமாறுகிறது. இது அறுகோணப் படிகம். இன்னும் இறங்க, ஆல்ஃபாவுக்குள் காமா ஏடு ஏடாகப் புகுகிறது. 1120 பாகையை ஒட்டி, எஞ்சிய ஆல்ஃபாவில் அணுக்கள் ஒழுங்காக இடம்பிடித்து ஆல்ஃபா-இரண்டு ஆகிவிடுகின்றன. பாட்டன், தந்தை, மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கைமாற்றம் கண்மூடித்தனமாக நடப்பதில்லை. ஆல்ஃபாவுக்கு அடித்தளம் என்று ஒரே ஒரு தளந்தான் உண்டு. காமா ஏடுகள் எல்லாம் அதற்கு இணையாகவே படுக்கும். ஆகவே ஓர் ஆல்ஃபா படிகத்திலிருந்து ஒரே திசையில் அடுக்கிய ஏட்டுக்கட்டுதான் வரும். மகனுக்குத் தெரிவு இல்லை. ஆனால் பீட்டாவிலிருந்து ஆல்ஃபா பிறக்கும்போது தெரிவு உண்டு. பீட்டாவில் அணுக்கள் மிக நெருக்கமாக அமர்ந்த தளங்கள் ஆறு. அவற்றில் ஏதேனும் ஒன்று ஆல்ஃபாவின் அடித்தளமாகலாம். ஒவ்வொன்றிலும் இரண்டு விதமாக ஆகலாம். மொத்தம் பன்னிரண்டு வழிகள். பர்கர்ஸ் என்பவர் பெயரால் வழங்கும் உறவு இது.

இனி வார்ப்புக்கு வருவோம். அச்சின் சுவர் குளிர்ந்தது. வெப்பம் சுவர் வழியாக வெளியேறுகிறது. படிகங்கள் சுவரிலிருந்து புறப்பட்டு, வெப்பம் போகும் திசைக்கு எதிராக, உருக்குக்குள் தூண் தூணாக வளர்கின்றன. பீட்டாவாக வளர்ந்தால் தூணின் நெட்டச்சு கனசதுரத்தின் விளிம்புத் திசை. நான் சொன்ன ஆறு தளங்களில் இரண்டு அந்த நெட்டச்சுக்கு இணையானவை, நான்கு 45 பாகை சாய்ந்தவை. ஆக, பன்னிரண்டு வழிகளில் நான்கு ஏடுகளைத் தூணின் போக்கில் வைக்கும், எட்டு சாய்த்து வைக்கும். ஒரு தூணிலிருந்தே பல கட்டுகள் பிறப்பதால், திசைகள் கலைந்து வரவும் வாய்ப்பு உண்டு.

உருக்கிலிருந்து நேரே ஆல்ஃபா பிறந்தால் கதை வேறு. அறுகோணத்தின் நெட்டச்சு வெப்பத்தின் போக்கில் நிற்கும். அடித்தளம் அதற்குக் குறுக்கே கிடக்கும். ஏடுகள் எல்லாம் தூணுக்குச் செங்குத்தாக, அதாவது அச்சின் சுவருக்கு இணையாகப் படுத்துவிடும். வார்ப்பை வெட்டி அரித்தால், சுவரிலிருந்து நடுப்பகுதி வரை ஒரே பக்கம் பார்த்து நிற்கும் தூண்கள். மெல்லிய தட்டையான பிளேடின் நடுப்பகுதிக்கு இது தீங்கில்லை. ஏடுகள் பிளேடின் மேற்பரப்புக்கு இணையாக இருப்பதால் இழுவிசை அவற்றின் போக்கிலேயே செல்லும். பிளேடு தடித்து வேராகும் இடத்தில் வெப்பம் பல பக்கம் திரும்புகிறது. தூண்களும் திரும்புகின்றன, அவற்றோடு ஏடுகளும். சுமை மிகும் இடமும் அதுவேதான்.

பீட்டாவா, ஆல்ஃபாவா என்பதை முடிவு செய்வது அலுமினியத்தின் அளவு. வேறு உலோகம் சேராத இருதனிமக் கலவையில், ஏறத்தாழ 45 அணு விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் முழுக்க முழுக்க பீட்டாவாகவே உறைந்து முடியும். ஏறத்தாழ 49-ஐத் தாண்டினால் ஆல்ஃபா முதலில் வரும். இடையில் உள்ள நான்கு விழுக்காட்டில்தான் சிக்கல்: பீட்டா பிறந்து கிளைவிட்டு வளர்கிறது, 1490 பாகையை ஒட்டி, பீட்டாவும் எஞ்சிய உருக்கும் சேர்ந்து ஆல்ஃபாவைத் தருகின்றன. பெரிடெக்டிக் என்று நாம் வகுப்பில் வரையும் வினை இது. ஆல்ஃபா, பீட்டாக் கிளைகளைத் தோல் போலப் போர்த்திக்கொள்கிறது. போர்த்திய பிறகு உருக்கும் பீட்டாவும் ஒன்றையொன்று தொட முடியாது. அணுக்கள் அந்தத் தோலைத் துளைத்து ஊர்ந்துதான் போக வேண்டும். வினை முடிவதற்குள் வார்ப்பு குளிர்ந்துவிடுகிறது. கிளைகளின் நடுவில் டைட்டானியம் மிகுந்தும், கிளைகளுக்கு இடையில் அலுமினியம் மிகுந்தும் நின்றுவிடுகின்றன. எஞ்சின்களில் இன்று மிகுதியாக ஓடும் கலவையில் அலுமினியம் 48, குரோமியம் 2, நையோபியம் 2. இந்தத் தகராறு வட்டாரத்துக்குள்ளேயே அது நிற்கிறது.

எந்த வெப்பத்தில், எந்த இயைபில் எந்தப் படிகம் நிற்கும் என்று காட்டும் நிலைமை வரைபடத்திலேயே 1980-களின் இறுதிவரை கருத்து வேறுபாடு இருந்தது. ஏனென்றால் இந்த உருக்கு அத்தனை மூசைகளையும் தின்னும். உயர் வெப்பத்தில் நம்பத்தக்க அளவீடு செய்வது கடினம். குழப்பம் தீர்வதில் 1989-இல் மக்கலோ, வலென்சியா, லெவி, மெஹ்ராபியன் ஆகிய நால்வரும் வெளியிட்ட ஆய்வுக்குப் பெரும்பங்கு உண்டு. அதில் என் மனத்தைக் கவர்ந்தது ஓர் எளிய தடயம். உருக்கு உறையும்போது சுருங்குகிறது. கடைசியில் உருக்கு போதாமல் வார்ப்பில் சிறு குழிகள் விழுகின்றன. பட்டறைக்காரருக்கு அது குற்றம். ஆனால் அந்தக் குழிக்குள்தான், உருக்கு வடிந்துபோய்விட்டதால், படிகங்கள் பிறந்த வடிவத்திலேயே நிற்கும். கிளைகள் சிலுவை போல நான்கு பக்கம் பிரிந்தால் அது பீட்டாவாகப் பிறந்தது. பனித்துகள் போல ஆறு பக்கம் பிரிந்தால் ஆல்ஃபாவாகப் பிறந்தது. உள்ளே அணுக்கள் எத்தனை முறை இடம் மாறினாலும் வெளிவடிவம் பாட்டனுடையதே.

இந்தத் தடயம் எனக்கு நேரடியாக உதவிய ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். ஆய்வு மாணவனாக இருந்தபோது 49.5 விழுக்காடு அலுமினியம் என்று நிறுத்து, மின்வில் உலையில் சிறு பொத்தான்களாக உருக்கிவந்தேன். கலவை சீராக வேண்டும் என்று ஒவ்வொன்றையும் ஐந்தாறு முறை திருப்பிப் போட்டு உருக்கினேன். ஏடுகள் நான் எதிர்பார்த்த திசையில் ஒருநாளும் படுக்கவில்லை. வெப்பப் பதனம் மாற்றினேன், குளிரும் வேகம் மாற்றினேன். நான்கு மாதங்கள் போயின. ஒருநாள் உடைந்த பொத்தானின் நடுக்குழியை ஸ்டீரியோ நுண்ணோக்கியில் எதேச்சையாகப் பார்த்தேன். ஆறு கிளை இருக்க வேண்டிய இடத்தில் நான்கு கிளை. ஒவ்வொரு உருக்கலிலும் அலுமினியம் ஆவியாகிப் போயிருந்தது. உருக்குமுன்னும் பின்னும் பொத்தானை நிறுத்து எழுதியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். நான் எழுதவில்லை. ஒன்றரை விழுக்காடு இழப்பில் என் கலவை வேறு பரம்பரைக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து என் மாணவர்களின் குறிப்பேட்டில் நான் முதலில் தேடுவது அந்த எடைக் கணக்கைத்தான்.

மூசை பற்றிச் சொன்னேன். டைட்டானியம் மிகுந்த உருக்கு ஆக்சிஜனுக்கு அலைவது. பீங்கான் மூசையிலிருந்துகூடப் பறித்துக்கொள்ளும். அதனால் தொழிலில் செம்பு மூசையைத் தண்ணீர் ஓட்டிக் குளிர்வித்து, மின்தூண்டலால் உருக்குகிறார்கள். செம்பைத் தொட்ட உருக்கு உடனே உறைந்து ஓடாகி, மீதி உருக்கைத் தாங்கிக்கொள்கிறது. தனக்குத் தானே மூசை. அருமையான ஏற்பாடு, ஆனால் விலை இருக்கிறது: அந்த ஓடு வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் உருக்கை உறைநிலைக்கு மேலே அதிகம் சூடாக்க முடியாது. சில பத்துப் பாகை மேலே இருக்கும்போதே ஊற்றியாக வேண்டும். பிளேடின் ஓரம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தடிமன். ஓரம் நிறையுமுன் உருக்கு உறைந்துவிட்டால் பிளேடு கழிவு. அச்சையே சுழற்றி, விசையோடு உருக்கை ஓரம் வரை தள்ளும் முறை இதற்காக வந்தது.

அச்சு, மெழுகு வார்ப்பு அச்சு. சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகு உருவின்மேல் முதலில் பூசும் மென்மண் எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் இங்கே உட்பூச்சு; இட்ரியம் ஆக்சைடு போன்ற, எளிதில் ஆக்சிஜனை விட்டுக்கொடுக்காத பொருள்கள் அதற்கு வேண்டும். ஆக்சிஜன் புகுந்தால் உலோகம் நொறுங்கும் என்பது பாடநூலில் உள்ளது. அதைவிட ஆழமான ஒன்று 2007-இல் சோலிஞ்சரும் லாப்பினும் உடன் ஆய்வாளர்களும் காட்டியது: ஆக்சிஜன் ஆல்ஃபாவின் பக்கம் நிற்கும் தனிமம். பீட்டாவாகப் பிறக்க வேண்டிய கலவையில் ஆக்சிஜன் கூடக் கூட, உறையும் வழியே ஆல்ஃபாவை நோக்கி நகர்கிறது. அச்சு வடிவத்தை மட்டும் கொடுத்துவிட்டு விலகி நிற்பதில்லை. பரம்பரையிலும் கைவைக்கிறது.

இந்தப் பரம்பரையை நம் விருப்பப்படி நடத்த இரண்டு வழிகளைக் கண்டிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை.

ஒன்று, திசையையே கலைத்துவிடுவது. முழுவதும் பீட்டாவாக உறையும்படி அலுமினியத்தைக் குறைத்து, பீட்டாவுக்குத் துணைநிற்கும் நையோபியம், மாலிப்டினம் சேர்த்து, கூடவே துளி போரான். போரான் உருக்கில் சிறு போரைடு துகள்களாகப் பிரிகிறது. பீட்டா ஆல்ஃபாவாகும் வேளையில், ஆல்ஃபா அந்தத் துகள்களின்மேல் பிறக்கிறது. பாட்டன் விதித்த பன்னிரண்டு வழிகளுக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. எந்தத் துகள் எப்படிக் கிடந்ததோ அப்படி. விளைவு, திசை இல்லாத, பொடிப்பொடியான ஏட்டுக்கட்டுகள். அலுமினியம் 43.5, நையோபியம் 4, மாலிப்டினம் 1, போரான் 0.1 என்ற டிஎன்எம் கலவை இந்த வழியில் வந்தது. ஆஸ்திரியாவின் லியோபன் பல்கலைக்கழகத்தில் கிளெமென்ஸும் ஜெர்மானியக் கூட்டாளிகளும் வளர்த்தெடுத்தது. போரான் அளவு கூடினால் போரைடுகள் நீண்ட நாடாக்களாக வளர்ந்து, விரிசல் தொடங்கும் இடமாகிவிடும். அதனால்தான் அந்த 0.1.

மற்றது, கலைப்பதற்குப் பதில் ஒரே திசையில் நிறுத்துவது. பிளேடு முழுவதும் ஒரே ஏட்டுக்கட்டு, ஏடுகள் பிளேடின் நீளவாக்கில். ஆல்ஃபாவாக வளர்த்தால் ஏடுகள் குறுக்கே படுக்கும் என்று பார்த்தோம். அதனால் கியோட்டோக் குழுவினர் ஏடுகள் சரியான திசையில் உள்ள ஒரு விதைப் படிகத்தை அடியில் வைத்து அதன்மேல் வளர்த்தார்கள். அந்த விதை சூடாகும்போதும் தன் திசையை மறக்கக் கூடாது. அதற்கென்றே சிலிக்கான் கலந்த தனிக் கலவை தேடினார்கள். 2016-இல் நான்ஜிங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் குவாங் சென் குழுவினர் விதை இல்லாமலே செய்தார்கள். அலுமினியம் 45, நையோபியம் 8 உள்ள கலவையை முழுக்கப் பீட்டாவாக ஒரே படிகமாக வளர்த்து, பன்னிரண்டு வழிகளில் தூணின் போக்கில் ஏடு வைக்கும் வழியே வெல்லும்படி வளர்ச்சியைக் கட்டுப்படுத்தினார்கள். அறை வெப்பநிலையில் 6.9 விழுக்காடு நீட்சி, 708 மெகாபாஸ்கல் இளகு வலிமை. ஒன்றுக்கும் இரண்டுக்கும் போராடிய உலோகம் இது என்பதை நினைத்துக்கொண்டு அந்த எண்ணைப் பாருங்கள். நேச்சர் மெட்டீரியல்ஸ் இதழில் அதைப் படித்த அன்று நான் வகுப்புக்குத் தாமதமாகப் போனேன்.

ஆனால் சிறு தண்டில் வளர்ந்தது, வளைந்து முறுக்கிய பிளேடில் அப்படியே வளர்ந்துவிடாது. எஞ்சினில் நிற்பது வேறு சோதனை. டிஎன்எம் பிளேடுகளோடு வந்த பிராட் அண்ட் விட்னி எஞ்சின்களின் மூன்றாம் வரிசைப் பிளேடுகள் சில பறப்பின்போது முறிந்தன. 2019-இல் நம் நாட்டு ஏ320 நியோ விமானங்களில் அவற்றை மாற்றும்படி விமானப் போக்குவரத்து இயக்ககம் ஆணையிட்டது. மாற்றாக வந்தவை மோதலைக் கூடுதலாகத் தாங்கும் நிக்கல் வகை. இந்த உலோகத்தை நேசிப்பவன் என்ற முறையில் அதை இங்கே மறைக்க மாட்டேன். இழுவையில் கிடைத்த விழுக்காடு மட்டும் போதாது. முன்வரிசைகளிலிருந்து உடைந்து வரும் சிறு துண்டு மோதும் நொடியில் ஏடுகள் என்ன செய்யும் என்பதும் வேண்டும். அதற்கும் கட்டின் அளவும் திசையும்தான் பதில் சொல்ல வேண்டும்.

அவற்றை முன்னறிய உறைதலைத் துல்லியமாகக் கணிக்க வேண்டும்; அதற்குப் புவியீர்ப்பே தடையாகிறது. கிளைகளுக்கு இடையே அலுமினியம் சேர்ந்த உருக்கு இலேசானது. மேலெழும், சுழலும், உடைந்த கிளைநுனிகளை அள்ளிச் செல்லும். தூண்கள் எங்கே நின்று, பொடி மணிகள் எங்கே தொடங்கும் என்பதை இந்தச் சுழற்சி குழப்புகிறது. அதைப் பிரித்தறிய ஐரோப்பிய ஆய்வாளர்கள் 2015 டிசம்பரில் ஸ்வீடனின் எஸ்ரேஞ்ச் தளத்திலிருந்து மேசர்-13 ராக்கெட்டில் டைட்டானியம் அலுமினைடு உலை ஒன்றை அனுப்பினார்கள். எடையற்ற நிலை கிடைத்தது ஆறு நிமிட அளவு. அதற்குள் உறைய வைத்து இறக்கினார்கள். அதே கலவையை ஈர்ப்பு மிகுந்த நிலையில், பெரிய சுழல்கருவியில் வைத்தும் உறைய வைத்தார்கள்.

இப்போது ஜிஇ9எக்ஸ் எஞ்சினுக்கு இத்தாலியின் கமேரியில் பிளேடுகளை அச்சே இல்லாமல், பொடியை எலக்ட்ரான் கற்றையால் அடுக்கடுக்காக உருக்கி வளர்க்கிறார்கள். உருக்குக் குளம் மிகச் சிறியது, உறைவது கண்சிமிட்டும் நேரத்தில். ஆனால் என் பொத்தானில் நடந்தது அங்கும் நடக்கிறது: வெற்றிடத்தில் அலுமினியம் ஆவியாகிறது. அடுக்குக்கு அடுக்கு இயைபு சற்று மாறி, நுண்ணோக்கியில் பட்டை பட்டையாகத் தெரியும். பழைய கேள்வி, புதிய உலையில்.

நம் பக்கத்துச் செய்தியும் ஒன்று. டைட்டானியம் தரும் இல்மனைட் மணல் மணவாளக்குறிச்சியில் அள்ளப்படுகிறது. ஹைதராபாத் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகத்தில் தீபங்கர் பானர்ஜியும் சக ஆய்வாளர்களும் 1988-இல் இதே குடும்பத்தில், நையோபியம் சேர்ந்த ஒரு புதிய படிக வகையைக் கண்டு உலகுக்குச் சொன்னார்கள். இந்தத் துறையில் ஆய்வு செய்ய விரும்பும் மாணவர்கள் அந்தக் கட்டுரையிலிருந்தே தொடங்கலாம்.

அந்தப் பழைய பொத்தானை இன்று எடுத்து வந்திருக்கிறேன். மேடைக்கு வலப்பக்க மேசையில் ஸ்டீரியோ நுண்ணோக்கியின் கீழ் இருக்கிறது. விளக்கைச் சாய்வாக வைத்துப் பாருங்கள். குழியின் மேல் விளிம்பை ஒட்டி நான்கு கிளையோடு ஒன்று நிற்கும். பீட்டா அதில் இப்போது இல்லை. ஊசியால் தொட வேண்டாம், கிளை உடைந்துவிடும்.